விட்டுப்போன வரிகளின் கணக்கு

2024 மார்ச் 14 அன்று இந்தியத் தேர்தல் ஆணையம் தில்லியிலிருந்து இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்றில் தேர்தல் பத்திரங்களை வாங்கியவர்கள் இருந்தார்கள். மற்றதில் அவற்றைப் பணமாக்கிக்கொண்ட கட்சிகள். எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போயிற்று என்று காட்டும் எண் மட்டும் இரண்டிலும் இல்லை. உச்ச நீதிமன்றம் மறுபடியும் வற்புறுத்திய பிறகு மார்ச் 21 அன்று எண்களும் வெளிவந்தன. இதற்கெல்லாம் முன்பு, மாத ஆரம்பத்தில், பாரத ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டிருந்தது. வாங்கியவர் விவரமும் கட்சி விவரமும் தனித்தனியாக மூடிய உறைகளில் இருக்கின்றன, 22,217 பத்திரங்களுக்கு இரண்டிரண்டாக 44,434 தகவல் தொகுதிகளை ஒப்பிட வேண்டும் என்பது அதன் வாதம். தகவல் காகிதத்தில் இருக்கும்வரை அது பெரிய வேலைதான், மறுக்க வேண்டியதில்லை. எண்கள் பொதுவெளிக்கு வந்ததும் நிலைமை மாறியது. பி.டி.எஃப். கோப்பிலிருந்து எழுத்தை உருவும் ‘பி.டி.எஃப். டு டெக்ஸ்ட்’, வரிகளைச் சீராக்கும் ‘ஆக்’, வரிசைப்படுத்தும் ‘சார்ட்’, இரண்டு பட்டியல்களை ஒரு பொது எண்ணால் இணைக்கும் ‘ஜாயின்’ ஆகிய நான்கும் எந்த லினக்ஸ் கணினியிலும் காசில்லாமல் கிடைப்பவை. பட்டியலைச் சுத்தம் செய்ய நேரம் பிடிக்கும்; இணைப்பதற்கு ஒரு வினாடிகூட ஆகாது.

ஆனால் ஜாயினுக்கு ஒரு சுபாவம் உண்டு. இரண்டு பக்கமும் பொருந்திய வரிகளை மட்டும் அச்சிடும். ஜோடி கிடைக்காத வரியை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடும். வங்கியின் பிரமாணப் பத்திரத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் 12 முதல் 2024 பிப்ரவரி 15 வரை வாங்கப்பட்டவை 18,871 பத்திரங்கள். அதே காலத்தில் பணமாக்கப்பட்டவை 20,421. வாங்கியதைவிட மாற்றியது அதிகம் என்பது முதல் பார்வைக்குப் பிழை போலத் தோன்றும். பிழை இல்லை. 2019 ஏப்ரல் 1 முதல் 11 வரை 3,346 பத்திரங்கள் விற்றிருந்தன. அந்தப் பதினோரு நாளில் பணமானவை 1,609 மட்டுமே. மீதியில் பெரும்பகுதி 12ஆம் தேதிக்குப் பிறகு கட்சிகளின் பட்டியலில் ஏறியது. நீதிமன்றம் குறித்த காலவரம்புக்கு வெளியே விற்றதால் வாங்கியோர் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆக, குறைந்தது 1,550 வரிகளுக்கு எந்தக் காலத்திலும் ஜோடி கிடைக்காது. ஜாயினை அதன் இயல்புப்படி ஓட்டிவிட்டுக் கட்சிவாரியாகக் கூட்டினவர், அந்த வரிகளை இழந்திருப்பார். இழந்தது அவருக்குத் தெரிந்தும் இருக்காது. ஜோடியற்ற வரிகளை மட்டும் காட்டச் சொல்லும் தெரிவு அதே கருவியில் இருக்கிறது. கேட்டால் காட்டும், கேட்காவிட்டால் காட்டாது.

கட்டளை வரியில் இயங்கும் சிறு திறமூலக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக அவற்றின் வேகத்தையும் எளிமையையும் புகழ்வார்கள்; ஒரு கருவி ஒரு வேலையைச் செய்யட்டும், அதை நன்றாகச் செய்யட்டும் என்ற பழைய யூனிக்ஸ் நெறியைச் சொல்வார்கள். அந்த நெறி முக்கால் பங்குதான் சரி என்பது என் எண்ணம். நன்றாகச் செய்தது என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. நிரலையோ தரவையோ ஆராயும் கருவி ஒருவகைச் சாட்சி. கண்டதைச் சொன்னால் மட்டும் போதாது. எதைக் காணவில்லை, எதைத் தள்ளிவிட்டேன் என்பதையும் சொன்னால்தான் அதன் வாக்குமூலம் எடுபடும். இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு இந்த மரபின் பாணிகளைப் பார்த்தால், மூத்தவை எல்லாம் சிறந்தவை என்ற நம்பிக்கையும் புதியவை எல்லாம் மேல் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே ஆட்டம் காண்கின்றன.

மூத்த பாணி குழாய்ப் பாணி. பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் நெடுநாள் வற்புறுத்தி, 1973இல் கென் தாம்சன் யூனிக்ஸில் சேர்த்த குழாய்தான் அதன் அடித்தளம்: ஒரு நிரலின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகும், நடுவில் ஓடுவது வெறும் எழுத்து வரிகள். கிரெப், செட், டிஃப், 1977இல் ஏஹோ, வைன்பர்கர், கெர்னிகன் மூவரும் எழுதிய ஆக் எல்லாம் அந்தப் பத்தாண்டின் பிள்ளைகள். குழாயைப் புகழும் அளவுக்கு அதே பத்தாண்டில் சற்றுப் பின்னால் வந்த இன்னொரு ஏற்பாட்டை யாரும் புகழ்வதில்லை. அது முறையீட்டுக்கென்று தனி வழி. விடை ஒரு வழியில் போகும். ‘இந்தக் கோப்பு திறக்கவில்லை’ போன்ற புகார் இன்னொரு வழியில், குழாய்க்குள் விழாமல், நேராக மனிதர் கண்ணுக்கு வரும். கூடவே, ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும்: பூஜ்யம் என்றால் சரி, வேறெதுவும் என்றால் ஏதோ கோளாறு. சாட்சிக்கு வேண்டிய நாணயம் இந்த இரண்டு ஏற்பாடுகளில் இருக்கிறது. குறையும் அங்கேயே இருந்தது. ஐந்து கருவிகளைக் குழாயால் கோத்தால், கட்டளைகளை ஓட்டும் ஷெல் கடைசிக் கருவியின் முடிவெண்ணை மட்டும் பார்த்து எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். முதல் கருவி பாதியில் செத்திருந்தாலும் அப்படித்தான். இதைத் திருத்தும் ‘பைப்ஃபெயில்’ என்னும் தெரிவு பல ஷெல்களில் வெகுநாளாக இருந்தும், போசிக்ஸ் தரநிலைக்குள் நுழைந்தது 2024ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அரை நூற்றாண்டு!

இந்தப் பாணியின் பெரிய பலவீனம், எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகப் பார்ப்பது. தில்லிக் காற்றை எடுத்துக்கொள்வோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பு நிலையங்கள் மணிக்கு மணி அளவுகளைத் தருகின்றன. மின்தடையாலோ கருவிப் பழுதாலோ சில மணிகளில் எண்ணுக்குப் பதிலாக ஒரு வெற்றுக் குறி வரும். ஆக் அந்தக் குறியைக் கூட்டச் சொன்னால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், முனகாது. பதினாறு மணி நேரம் பி.எம். 2.5 அளவு 150 மைக்ரோகிராம், எட்டு மணி நேரம் தகவல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைச் சராசரி 150. கவனமில்லாமல் எழுதிய ஆக் வரி 100 என்று சொல்லும். 2015இல் அறிமுகமான தேசியக் காற்றுத் தரக் குறியீட்டின்படி 121 முதல் 250 வரை ‘மிக மோசம்’, 91 முதல் 120 வரை ‘மோசம்’. எட்டு வெற்றுக் குறிகள் நகரத்தின் காற்றை ஒரு படி நல்லதாக்கிவிட்டன. இதில் வாரியத்தின் விதி கருவியைவிட ஒழுங்கானது என்பதைச் சொல்லியாக வேண்டும். இருபத்து நான்கு மணிச் சராசரிக்குக் குறைந்தது பதினாறு மணித் தகவல் வேண்டும், குறியீட்டுக்குக் குறைந்தது மூன்று மாசுப் பொருள்கள் வேண்டும், அவற்றில் ஒன்று பி.எம். 2.5 அல்லது பி.எம். 10 ஆக இருக்க வேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. இல்லாததை எப்படி நடத்துவது என்று விதி எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஆக் எழுதியவர்கள் யோசிக்கவில்லை என்று சொல்வது அநியாயம். அவர்கள் அன்றைக்குத் தங்கள் முன் இருந்த சிறு கோப்புகளுக்காக அதை எழுதினார்கள். பூஜ்யம் அங்கே வசதியாக இருந்தது.

அடுத்த பாணி இந்தக் குறைக்கு எதிர்வினையாகப் பிறந்தது. தரவுக்கு உருவம் உண்டு, எண் வேறு, எழுத்து வேறு, இல்லாமை வேறு என்று ஒப்புக்கொள்ளும் கருவிகள் அவை. பத்திரிகை வேலையிலிருந்து கிளைத்த கிறிஸ்டஃபர் கிராஸ்காஃபின் சி.எஸ்.வி. கிட், 2012இல் ஸ்டீஃபன் டோலன் தொடங்கிய ஜேக்யூ, ஜான் கெர்லின் மில்லர், சால் பவான்சனின் விசிடேட்டா ஆகியவை இந்த வரிசையில் வருகின்றன. ஜேக்யூவிடம் ஓர் எழுத்துத் துண்டையும் ஓர் எண்ணையும் கூட்டச் சொன்னால் முடியாது என்று நின்றுவிடும். சி.எஸ்.வி. கிட்டில் உள்ள சுத்தம் செய்யும் கருவி, பத்தி எண்ணிக்கை ஒவ்வாத வரிகளைப் பிரித்தெடுத்து, எத்தனையாவது வரி, என்ன குற்றம் என்று எழுதிவைக்கும். நாணயம் என்பது இதுதான். ஆனால் இளையவர்களும் எல்லா இடத்திலும் நேர்மையாக இருந்ததில்லை. ஜேக்யூவின் பழைய பதிப்புகளில் 9007199254740993 என்ற எண்ணைக் கொடுத்தால் 9007199254740992 என்று திரும்பி வரும். எல்லா எண்ணையும் மிதவைப் புள்ளியாக வைத்துக்கொண்டதன் விளைவு அது. எச்சரிக்கை எதுவும் வராது. 2023இல் வந்த 1.7 பதிப்பு, கணக்கில் சேர்க்காமல் அப்படியே கடத்தும் எண்ணையாவது மாறாமல் காப்பாற்றியது. வங்கிப் பரிமாற்ற எண்களோ சமூக ஊடகப் பதிவு எண்களோ இந்தப் பள்ளத்தில் விழுந்திருந்தால், கடைசி இலக்கம் மாறியதை எந்த மேலாளர் கவனிப்பார்?

கண்டிப்பு மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் தில்லியிலேயே சான்று இருக்கிறது. தில்லி அரசு ஐ.ஐ.ஐ.டி. தில்லியுடன் சேர்ந்து 2018இல் தொடங்கிய திறந்த போக்குவரத்துத் தரவுத் தளம், பேருந்துத் தகவலை ஜி.டி.எஃப்.எஸ். என்னும் உலக வழக்கு வடிவில் தருகிறது. அவிழ்த்தால் உள்ளே எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள்: நிறுத்தங்கள், தடங்கள், பயணங்கள், நிறுத்த நேரங்கள். கட், சார்ட், யூனிக் மூன்றையும் வைத்தே எந்த நிறுத்தத்தில் அதிகப் பேருந்து நிற்கிறது என்று எண்ணிவிடலாம். இந்த வடிவத்தில் நள்ளிரவைத் தாண்டும் பயணத்துக்கு 25:10:00 என்று நேரம் எழுதலாம். முந்தைய நாளின் சேவை தொடர்கிறது என்று பொருள். கடிகாரத்தை மட்டும் அறிந்த கண்டிப்பான கருவி இதைப் பிழை என்று தள்ளும். அப்படித் தள்ளிய பின் எஞ்சிய தரவைப் பார்த்தால் ஊரில் இரவுப் பேருந்தே இல்லை என்று தோன்றும். தள்ளிய வரிகளைத் தனியே எழுதிவைத்திருந்தால், பார்க்கிறவர் ஐந்து நிமிடத்தில் தவறைப் பிடித்துவிடுவார். கருவிக்கு எல்லா ஊர் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தள்ளியதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது பாணி உளவுப் பாணி, ஓடுகிற நிரலைப் பக்கத்தில் நின்று கவனிப்பது. இங்கே இந்தியர்களின் பங்கு கணிசமானது. அது நம் மலர்களில் எழுதப்படாமலே போகிறது. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜி.டி.பி. நிரலை நிறுத்திவைத்து உள்ளே பார்க்கும். 1991இல் பால் கிரானன்பர்க் சன் கணினிகளுக்காகத் தொடங்கி லினக்ஸுக்கு வந்த எஸ்டிரேஸ், நிரல் இயங்குதளத்திடம் கேட்பதை எல்லாம் வரிவரியாக எழுதும். எந்தக் கோப்பைத் தேடித் தோற்றது என்பதற்கு அதைவிட விரைவான பதில் இன்றும் இல்லை. ஆனால் இயங்குதளத்தின் கருவான கர்னலுக்குள்ளேயே கோளாறு என்றால் என்ன செய்வது? ஐ.பி.எம். நிறுவனம் டிபிரோப்ஸ் என்ற பெரிய ஏற்பாட்டை உருவாக்கியது. அது லினக்ஸ் கர்னலுக்குள் ஏற்கப்படவே இல்லை. அதன் அடியில் இருந்த சிறு பகுதியை மட்டும் பிரித்தெடுத்த கேபிரோப்ஸ் 2004இல் கர்னலில் சேர்ந்தது. அதன் மூலக் கோப்பின் தலைப்பைத் திறந்தால் முதல் பதிவில் 2002 அக்டோபரில் வம்சி கிருஷ்ணா உருவாக்கியது என்றும், அடுத்தடுத்து 2004இல் பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாசார்யா சேர்த்தவை என்றும் இருக்கும். மூவரும் ஐ.பி.எம்.மின் இந்தியப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களது உத்தி அழகானது. கவனிக்க வேண்டிய இடத்தில் உள்ள ஆணையைப் பிரதியெடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு நிறுத்தற்குறியை வைக்கிறது. செயலி அங்கே தடுக்கி நிற்கும்போது நமது சிறு நிரல் ஓடுகிறது. பிறகு அசல் ஆணை நடந்து, வேலை தொடர்கிறது. கர்னலை மறுபடி தொகுக்கவும் வேண்டாம், கணினியை அணைக்கவும் வேண்டாம். இன்று பிபிஎஃப்டிரேஸ் என்று ஒரே வரியில் கர்னலை விசாரிக்கும் கருவியைப் பாராட்டுகிறவர்கள், அதன் காலுக்கடியில் இருக்கும் இந்த அடித்தளத்தை அறியாமலே பாராட்டுகிறார்கள்.

நான் சொல்லும் அளவுகோலில் மிக உயர்ந்து நிற்பதும் இந்த உளவுப் பாணிதான். கேபிரோப்ஸ் கட்டமைப்பில் ஒவ்வொரு கண்காணிப்பு இடத்துக்கும் ஓர் எண்ணி இருக்கிறது: எத்தனை முறை கவனிக்கத் தவறினேன் என்ற கணக்கு. வலைப் போக்குவரத்தைப் பிடிக்கும் டிசிபிடம்ப் 1988இலிருந்து வருகிறது. வேலை முடியும்போது பிடித்தவை இத்தனை என்பதோடு, கர்னல் கைவிட்ட பொட்டலங்கள் இத்தனை என்றும் அச்சிட்டுவிட்டுத்தான் போகும். செயலி நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் பெர்ஃப், தகவல் தொலைந்தால் இத்தனை துண்டுகள் தொலைந்தன என்று சொல்லும். நினைவகப் பிழைகளைத் தேடும் ஜூலியன் சீவார்டின் வால்கிரைண்ட், நிரல் இருபது முப்பது மடங்கு மெதுவாக ஓடும் என்று தன் கையேட்டின் தொடக்கத்திலேயே எச்சரிக்கிறது. கவனிப்பதே கவனிக்கப்படுவதை மாற்றும் என்ற உண்மையோடு தினமும் மல்லுக்கட்டியதால் இந்த அடக்கம் வந்திருக்க வேண்டும். தரவுக் கருவி எழுதியவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. கோப்பு நகராமல் கிடக்கிறது, அதனால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் புகழ்பெற்ற ஒன்று. ஆண்ட்ரூ கேலண்ட் 2016இல் வெளியிட்ட ரிப்கிரெப், தேடுவதில் பழைய கிரெப்பைப் பல மடங்கு முந்துகிறது. அந்த வேகத்தில் ஒரு பகுதி, தேட வேண்டாதவற்றைத் தேடாமல் விடுவதிலிருந்து வருகிறது: மறைவான கோப்புகள், இருமக் கோப்புகள், நிரல் பதிப்புகளைக் காக்கும் ‘கிட்’டிடம் புறக்கணிக்கச் சொன்ன கோப்புகள் எல்லாம் இயல்பாகவே விலக்கப்படும். நிரலாளருக்கு இது பெரும்பாலும் வரம்தான். ஆனால் ஒரு கடவுச்சொல் தவறுதலாக எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுகிறவருக்கு, ‘இல்லை’ என்ற பதில் ‘நான் பார்த்த இடங்களில் இல்லை’ என்றே பொருள்படும். விலக்கை நீக்கும் தெரிவும் உண்டு, விலக்கியதைச் சொல்ல வைக்கும் தெரிவும் உண்டு, கையேட்டில் விளக்கமும் உண்டு. ஆகவே குற்றம் கருவியுடையது அல்ல, கையேடு படிக்காதவருடையது என்று ஆட்சேபிக்கலாம். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கருவியின் குணம் அதன் இயல்பு நடத்தையில்தான் வெளிப்படும். கையேட்டின் நடுப் பக்கத்தில் இருக்கும் உண்மையை அவசரத்தில் இருப்பவர் படிக்க மாட்டார் என்பது எழுதியவருக்கும் தெரியும். முடிவில் ஒரு வரி, முறையீட்டு வழியில், ‘இத்தனை கோப்புகளைப் பார்க்கவில்லை’ என்று வந்தால் குழாயும் கெடாது, வேகமும் குறையாது.

நான்காவதாகத் தணிக்கைப் பாணி என்று ஒன்றைச் சொல்லலாம்: நிரலை ஓட்டாமலே படித்துக் குற்றம் காண்பது. 1978இல் ஸ்டீஃபன் ஜான்சன் எழுதிய லிண்ட் முதல், ஷெல் நிரல்களின் பொறிகளைச் சுட்டும் ஷெல்செக் வரை அதன் வரிசை. இங்கே சிக்கல் தலைகீழானது. அதிகம் முறையிடும் கருவியை யாரும் கேட்பதில்லை. நூறு எச்சரிக்கையில் தொண்ணூறு வீண் என்றால் மீதிப் பத்தும் கண்ணில் படாது. எல்லாவற்றையும் சொல்லும் சாட்சியும் பயனற்ற சாட்சிதானே என்று என் வாதத்துக்கு எதிராக இதை நிறுத்தலாம். ஷெல்செக் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஓர் எண். வேண்டாதவர் அந்த எண்ணைக் குறித்து, நிரலுக்குள்ளேயே எழுதி, அடக்கிவைக்கலாம். அடக்கியது எதை, எந்த வரியில் என்பது அடுத்துப் படிப்பவருக்குத் தெரியும். அப்போது மௌனமும் பதிவாகிவிடுகிறது.

இவ்வளவு எதற்கு, எக்செல் போதாதா என்று கேட்பவர்கள் அரசு அலுவலகங்களில் ஏராளம். கண்ணால் பார்த்துக் கையால் திருத்துவதற்கு விரிதாளை மிஞ்சியது இல்லை. அதை நான் இகழவில்லை. ஆனால் 2020 செப்டம்பர், அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கோவிட் நோயாளிகளைக் கணக்கில் விட்டது, பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காததால். நிரம்பிய பின் வந்தவை விழுந்துபோயின. டெர்மினலில் அடித்த கட்டளைக்கு விரிதாளில் கிடைக்காத ஒரு வசதி உண்டு: அது ஒரு வரி எழுத்து. அதை நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்பலாம், அவர் அதே கோப்பில் ஓட்டி அதே விடை வருகிறதா என்று பார்க்கலாம், எந்த வடிகட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். விரிதாளில் மவுஸால் தேர்ந்து அழித்த வரிகளுக்கு அப்படிச் சுவடு கிடையாது. செயற்கை நுண்ணறிவே இனிக் கட்டளையை எழுதித் தருமே, இவற்றை ஏன் கற்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. எழுதித் தரட்டும். தேர்தல் பத்திரப் பட்டியலுக்கு ஜாயினை இயல்புப்படி ஓட்டும் வரியை அதுவும் எழுதித் தரலாம்; ஜோடியற்ற வரிகள் எங்கே என்று கேட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எழுதும் திறமையின் விலை குறைந்து, படிக்கும் திறமையின் விலை ஏறியிருக்கிறது என்பதுதான் மாற்றம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தக் கருவிகள் பல, ஊதியமில்லாத ஓரிருவர் தோளில் நிற்கின்றன. தேர்தல் பத்திர எண்கள் வெளிவந்த அதே 2024 மார்ச்சில், 29ஆம் தேதி, எக்ஸ்-இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. தனியாளாக அதைப் பேணிவந்தவரிடம் நல்லவர் போல நெருங்கிப் பொறுப்பில் பங்குபெற்ற ஒரு புனைபெயர்க்காரர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதை நுழைத்திருந்தார். சிறு கருவிகளை நம்பிப் பொது வேலை செய்யக் கூடாது என்பதற்கு இது சான்று என்றார்கள். சான்று இரண்டு பக்கமும் வெட்டுகிறது. பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். நுழைவு 0.299 வினாடியிலிருந்து 0.807 வினாடியாக நீண்டதை நேரம் அளக்கும் கட்டளையில் பார்த்தார், பெர்ஃபில் செயலி நேரம் பெயரில்லாத இடத்தில் கரைவதைப் பார்த்தார், முன்பு வால்கிரைண்ட் முறையிட்டதை நினைவுகூர்ந்தார். கருவி திறமூலமாக இருந்ததால் உள்ளே போய்ப் பார்க்கவும் முடிந்தது. மூடிய மென்பொருளில் அந்த அரை வினாடி, ‘இன்றைக்கு வலை மெதுவாக இருக்கிறது’ என்று போயிருக்கும். ஆனாலும் பேணுவோர் களைப்பு தீராத பிரச்சினை. 2015இல் மத்திய அரசு வெளியிட்ட திறமூலக் கொள்கை, அரசு மென்பொருளில் திறமூலத்துக்கு முன்னுரிமை தந்தது. திறமூலச் சமூகங்களோடு ஒத்துழைத்துப் பொருத்தமான இடங்களில் பங்களிப்போம் என்றும் சொன்னது. பயன்படுத்துவதில் தில்லி தாராளமாக இருக்கிறது. பங்களிப்புக்குப் பொருத்தமான இடம் என்று எதை நினைக்கிறார்கள் என்பதை இன்னும் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

நம் எழுத்துகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். தில்லி அலுவலகங்களின் பழைய இந்திக் கோப்புகளில் பல குருதிதேவ் எழுத்துருவில் அடித்தவை. பார்வைக்குத் தேவநாகரி, உள்ளே ஆங்கிலக் குறிகள். அதிலிருந்து எழுத்தை உருவினால் பொருளற்ற ரோமன் குப்பை வரும். எந்தக் கருவியும் இது கோளாறு என்று சொல்லாது, ஏனென்றால் அதற்கு அது சரியான எழுத்துதான். தமிழிலும் பாமினி, டிஸ்கி என்று இதே சரித்திரம் உண்டு. டிஸ்கிக்காவது லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் இடம் கிடைத்தது. ஐகான்வ் கட்டளையால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம், மாற்ற முடியாத குறி வந்தால் அது எந்த இடம் என்று சொல்லி நின்றுவிடும். யூனிகோடுக்குள் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. கெர்னிகன் எண்பது வயதில், 2022இல், ஆக்கின் மூலப் பதிப்புக்கு யூனிகோடு ஆதரவை எழுதிச் சேர்த்தார். அதனால் நம் வரிகளும் அதில் உடையாமல் நுழைகின்றன. ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லை டபிள்யூசி கட்டளையிடம் கொடுத்தால், பைட்டுகள் 15, குறியீடுகள் 5 என்று சொல்லும். நம் கணக்கில் எழுத்து 3. அந்த மூன்றைப் பெற, பெர்ல் பாணி ஒழுங்குகோவையைப் புரிந்துகொள்ளும் கிரெப்பில் ஓர் எழுத்துக் கொத்துக்கான குறியைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் தனி வரியாக அச்சிடச் செய்து எண்ண வேண்டும். அதே முறையில் ‘பக்ஷி’யைக் கொடுத்தால் 3 என்று வரும், க்ஷகரத்தை க் என்றும் ஷி என்றும் பிரித்துவிடுவதால். அது யூனிகோடு விதிப்படி சரி, நம் அரிச்சுவடிப்படி தவறு. எந்த விதியைக் கொண்டு எண்ணினேன் என்று சொல்லும் தமிழ் எழுத்தெண்ணி ஒன்றை யாராவது இரண்டு பக்க நிரலில் எழுதிவிடலாம்.